ரிசீவரை மாற்றுவதா, ஸ்பீக்கரை மாற்றுவதா: ஒரு புளியரை வீட்டுக் கணக்கு

ஆனிச் சாரல் தொடங்கிய வாரத்தில் புளியரையிலிருந்து அத்தான் அழைத்தார். “மாப்பிள்ளை, 40,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ரிசீவரை மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். வாட் போதவில்லை” என்றார்.

அவர் வீட்டில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய 5.1 ரிசீவர்; அதாவது படத்தின் ஒலியைச் சேனல்களாகப் பிரித்துப் பெருக்கி, ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் அனுப்பும் பெட்டி. பெட்டியில் சேனலுக்கு 70 வாட் என்று போட்டிருக்கிறது. அதனுடன் குறைந்த விலையில் வாங்கிய ஐந்து சிறிய ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள 8 அங்குல சப்வூஃபர் ஒன்றும் இருக்கின்றன. குறைகள் இரண்டு. படத்தில் பேச்சு தெளிவாக விழுவதில்லை. பாஸ் என்ற அந்தத் தாழ்ந்த ஒலி மட்டும் காலிக் குடத்துக்குள் தட்டியது போலக் குமுறுகிறது. பேச்சுக் குறைதான் வீட்டில் பெரிது. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அத்தை பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவில். தமிழ்ப் படத்தைவிட மலையாளப் படத்தை அதிகம் பார்க்கும் குடும்பம் அது. தாழ்ந்த குரலில் இயல்பாகப் பேசும் அந்தப் படங்களை அத்தை சமீபகாலமாகப் பாதியிலேயே விட்டு எழுந்துவிடுகிறார். “வயதாகிவிட்டது, காது போய்விட்டது” என்று அவரே சொல்லத் தொடங்கியிருந்தார். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்தக் கேள்விக்கு நான் ஆறு வருடங்களுக்கு முன்பே ஒருமுறை பணம் கொடுத்திருக்கிறேன். செங்கோட்டையில் என் வீட்டில் சாதாரண ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு ரிசீவரை மட்டும் மாற்றினேன். கடையில் பழைய மாடலையும் புதியதையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டார்கள். புதியது உயிரோடு பாடியது போல இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான், அதைச் சற்றுக் கூடுதல் சத்தத்தில் வைத்திருந்தார்கள் என்பது புரிந்தது. ஒலியளவின் அலகான டெசிபலில் ஒன்று கூடினால் நமக்குச் ‘சத்தம் கூடியது’ என்று தோன்றாது. ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். ஆகவே அத்தானிடம், “ஒரு வாரம் பொறுங்கள், என் ரிசீவரை அங்கேயே எடுத்து வருகிறேன், இரண்டையும் உங்கள் ஸ்பீக்கரிலேயே போட்டுப் பார்ப்போம்” என்றேன்.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: புது ரிசீவர், இருக்கும் ரிசீவருக்குப் பின்னால் தனி ஆம்ப்ளிஃபயர், புது ஸ்பீக்கர்கள், எதையும் வாங்காமல் அறையையும் அமைப்பையும் திருத்துவது. இரண்டாவது வழி ஐந்து நிமிடத்தில் அடைபட்டது. தனி ஆம்ப்ளிஃபயரை இணைக்க ரிசீவரின் பின்புறம் ஒவ்வொரு சேனலுக்கும் ப்ரீ-அவுட், அதாவது பெருக்காத ஒலியை வெளியே தரும் சொருகுவாய், வேண்டும். குறைந்த விலை ரிசீவர்களில் சப்வூஃபருக்கு மட்டும்தான் அது இருக்கும். அத்தானுடையதும் அப்படித்தான்.

உள்ளூரில் அசம்பிள் செய்து வாங்குவது பற்றி அவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். டிடிஏ 7294 ஐசியிலோ, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடியிலோ நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மெக்கானிக் கட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர் கனமாக, நேர்மையாக உழைக்கும். பழுதானால் கழற்றிச் சரிசெய்ய ஆளும் பாகமும் பக்கத்திலேயே கிடைக்கும். இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு கேட்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் 5.1 படத்துக்கு வேண்டியது வேறு. எந்த ஸ்பீக்கர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கணக்கிட்டு, அருகில் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்த வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சேனலையும் டெசிபல் கணக்கில் சமன்படுத்த வேண்டும். ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். டிவிக்கு அருகில் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் 10 அடியிலும் பின்பக்க ஸ்பீக்கர் 4 அடியிலும் இருந்தால் பின்னால் இருந்து வருவது 6 மில்லிசெகண்ட் முந்திக்கொள்ளும். பழைய ரிசீவர் இந்த வேலைகளை ஏற்கனவே செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு, அவற்றைச் செய்யாத பெட்டியை அங்கே வைப்பதில் பொருளில்லை.

இனி வாட் கணக்கு. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானது போலக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். 70 வாட் ரிசீவரைக் கொடுத்துவிட்டு 140 வாட் ரிசீவர் வாங்கினாலும் கூடுவது அந்த 3 டெசிபல்தான். கடைகளில் 70-க்கும் 90-க்கும் இடையில் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வைக்கிறார்கள். அந்த 20 வாட்டுக்குக் கிடைப்பது ஒரு டெசிபலுக்குச் சற்றுக் கூடுதல்.

அந்த வாட்டும் ஒரே அளவுகோலில் எழுதப்படுவதில்லை. ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல், 0.08 சதவீதச் சிதைவு’ என்று எழுதினால் 80 வாட் வரும் அதே பெட்டிக்கு, ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல், 10 சதவீதச் சிதைவு’ என்று எழுதினால் 150-க்கு மேலும் போடலாம். அட்டைப்பெட்டியின் முன்பக்கம் பெரிய எண் இருக்கும். அதன் நிபந்தனை பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். பி.எம்.பி.ஓ. என்ற கணநேர உச்ச வாட்டாக ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப்படுபவற்றை எண்ணாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தான் வீட்டு ஹாலில் எவ்வளவு வாட் செலவாகிறது? அவருடைய முன்பக்க ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும். திவான் இருப்பது 10 அடியில், ஏறத்தாழ 3 மீட்டர். வெட்டவெளியில் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும். அறைச்சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஒரு வாட்டுக்கு உட்காரும் இடத்தில் சுமார் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் படம் பார்க்கும்போது பேச்சு 65 முதல் 70 டெசிபலுக்குள் ஓடும். ஆக, அத்தை கேட்க முடியாமல் தவிக்கும் அந்த வசனத்துக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கே போதும். இடி, வெடி, சண்டை எல்லாம் சேர்ந்த உச்சத்துக்கு 64 வாட் வரை போனாலும் 98 டெசிபல் கிடைத்துவிடும். 12-க்கு 16 அடி ஹாலில் அதற்கு மேல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருவார்.

இதே கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள். 87-க்குப் பதிலாக 90 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரை வைத்தால், அது 70 வாட் ரிசீவரை 140 வாட்டாக மாற்றியதற்குச் சமம். 85-இலிருந்து 91-க்குப் போனால் நான்கு மடங்கு. பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இன்னொரு காரணம் உண்டு. சிறிய ஸ்பீக்கரில் முதலில் தீர்ந்துபோவது வாட் இல்லை, அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனின் அசைவு. அதே சத்தத்தை ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸில் எழுப்ப, கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 5 அங்குல கோனுக்கு அந்த இடம் கிடையாது. பெரிய ரிசீவர் அந்த இடத்தைத் தர முடியாது. ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் அளவை ‘ஸ்மால்’ என்று வைத்து, பிரிப்பை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் அந்தப் பாரம் சப்வூஃபருக்குப் போய்விடும். சப்வூஃபருக்கு அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. அத்தானின் ரிசீவரில் அது ‘லார்ஜ்’ என்று கிடந்தது. பெரியது நல்லது என்று நினைத்து அவரே வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை என் ரிசீவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கணவாய்க் காற்றில் சாரல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. போர்வை சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பெட்டிகளையும் துணியால் மூடினோம். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலி ஆய்வாளர்கள் 1994-இல் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்தபடியும் பார்க்காமலும் மதிப்பிடச் செய்தார்கள். கண்ணால் பார்த்ததும் கேட்டவர்களின் மதிப்பெண்கள் மாறிவிட்டன. துணி அதற்காகத்தான். கைபேசியில் ஒலியளவைக் காட்டும் செயலியைத் திவானில் வைத்து, சோதனை இரைச்சலைப் போட்டு, இரண்டு ரிசீவரும் அரை டெசிபலுக்குள் வரும்படி சமப்படுத்தினேன். அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் ‘அறைத் திருத்தம்’ என்ற வசதியை என் ரிசீவரில் அணைத்துவிட்டேன்.

அத்தான், அக்கா, அவர்கள் மகன் மூவரும் கேட்டார்கள். பத்து முறை மாற்றியிருப்பேன். எது ஓடுகிறது என்று சொல்ல மூவராலும் முடியவில்லை. சொன்னவற்றில் பாதி சரி, பாதி தவறு. ஒவ்வொரு முறையும் ஒயரைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது; அதற்குள் காதின் நினைவு மங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் 40,000 ரூபாய் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் மறந்துபோகும் அளவுக்குத்தான் இருக்கிறது என்றால், அதுவே எனக்குப் போதுமான விடை.

பிறகு அறைத் திருத்தத்தை இயக்கினேன். இப்போது மூவரும் முதல் முறையிலேயே கண்டுபிடித்தார்கள். குமுறல் அடங்கியிருந்தது. புது ரிசீவரில் உண்மையாகவே பணம் பெறும் பகுதி இதுதான். ஆடிஸி, யமஹாவின் ஒய்பாவ், டிராக் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் வருகிறது. மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால் அறை எந்த அதிர்வெண்ணை ஊதிப் பெரிதாக்குகிறது என்று அளந்து அதைக் குறைக்கிறது. 12 அடி அகல அறையில் 47 ஹெர்ட்ஸிலும், 16 அடி நீளத்தில் 35 ஹெர்ட்ஸிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்றுவிடும். அத்தான் கேட்ட குடச்சத்தம் இந்த நிற்கும் அலைதான். ஆனால் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. மேட்டை வெட்ட அதற்கு முடியும். அலைகள் ஒன்றையொன்று அழித்து உண்டாகும் குழியை நிரப்ப முடியாது. குழிக்குள் எவ்வளவு வாட் கொட்டினாலும் அது விழுங்கிக்கொள்ளும்.

திருத்தத்தை மறுபடி அணைத்துவிட்டு, பழைய ரிசீவரையே மாட்டினோம். சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்துத் திவான் மேல் வைத்து, பாஸ் நிறைந்த ஒரு பாட்டைச் சுழலவிட்டு, அக்கா மகனைத் தரையில் தவழ்ந்து சுவரோரமாகக் காது வைத்துப் பார்க்கச் சொன்னேன். குமுறாமல், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்ட இடம் டிவி மேசைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. சப்வூஃபரை அங்கே கொண்டுபோய் வைத்தோம். பின்சுவரை ஒட்டிக் கிடந்த திவானை ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். சுவரை ஒட்டி பாஸ் எப்போதும் கூடிக் கேட்கும். குமுறலில் பெரும்பகுதி போய்விட்டது. புது ரிசீவர் தந்த நன்மையில் முக்கால் பங்கு காசில்லாமல் வந்தது என்று அத்தானே சொன்னார்.

பேச்சு விஷயம் இன்னும் எளிதாக இருந்தது, இன்னும் வேதனையாகவும் இருந்தது. டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்று இருந்தது. ரிசீவருக்கு ஆப்டிகல் ஒயர் வழியே இரண்டு சேனல் மட்டுமே போய்க்கொண்டிருந்தது. ரிசீவர் அதிலிருந்து ஊகித்து ஒரு சென்டர் சேனலைச் செய்து கொண்டிருந்தது. வசனத்துக்கென்று ஸ்டூடியோவில் பிரித்து வைத்த சேனல் இந்த வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றியதும் ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் விளக்கு எரிந்தது. சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸின் உள்ளறையில், பொம்மைகளுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பலகையின் முன்விளிம்புக்கு இழுத்து, அடியில் மர ஆப்பு வைத்து முகத்தைத் திவானை நோக்கி நிமிர்த்தி, அளவை 3 டெசிபல் கூட்டினோம்.

அத்தை பாதியில் விட்ட ஒரு மலையாளப் படத்தை எடுத்துப் போட்டோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “இப்போதுதான் வாயைத் திறந்து பேசுகிறார்கள்” என்றார். அதற்குப் பிறகு காதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாரல் காலத்துக்கு ஒரு சிக்கல் தனியாக உண்டு. மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போது என் செயலி 50 டெசிபல் காட்டியது. முன்தாழ்வாரத் தகரத்தில் மழை வலுத்தபோது 60-ஐத் தொட்டது. மெல்லிய வசனம் அதற்கு மேல் எழும்ப வேண்டும். அப்படி எழுப்பினால் அடுத்த சண்டைக் காட்சி வீட்டை எழுப்பிவிடும். இதற்கு ரிசீவரில் ‘நைட் மோட்’ என்ற ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. தாழ்ந்ததை உயர்த்தி, உயர்ந்ததைத் தாழ்த்தும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது எனக்குப் பிடிக்காத காரியம்தான். ஆனால் தகரத்தில் மழை பெய்யும் வீட்டில் அது தேவை.

ஸ்பீக்கரின் முகத்துணியைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. இடப்பக்க ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. எந்த ரிசீவரில் போட்டாலும் கூடவே வந்த மெல்லிய கரகரப்பு அங்கிருந்துதான். மலையடிவார ஈரத்தில் ஃபோம் நீண்ட காலம் தாங்காது. ரப்பர் விளிம்புள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். விளிம்பை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். மற்ற ஸ்பீக்கர்களும் இதே வயது என்பதால், முன்பக்க மூன்றையும் ஒரே வரிசையில் மாற்றுவது என்று முடிவு செய்தோம். சென்டரும் பக்க ஸ்பீக்கர்களும் ஒரே குடும்பமாக இருந்தால்தான் ஒரு குரல் திரையின் குறுக்கே நகரும்போது குணம் மாறாமல் நகரும்.

40,000 ரூபாயில் 22,000 அந்த மூன்று ஸ்பீக்கருக்குப் போனது. தடித்த கம்பளத்துக்கும் ஜன்னல் திரைக்கும் 5,000. கை தட்டினால் ‘டிங்’ என்று திரும்பும் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர் ஹாலில் பேச்சு தெளிய இது மிகவும் உதவியது. பத்தமடைப் பாயை விரிக்கலாமா என்று அக்கா கேட்டாள். அழகாக இருக்கும், ஆனால் அவ்வளவு மெல்லிய பாய் ஒலியை உறிஞ்சாது. ஸ்பீக்கர் ஒயருக்கு விலை உயர்ந்தது எதுவும் வாங்கவில்லை. சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் ஓடினால், போக வர மின்தடை சுமார் 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று மட்டும் நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்கினோம்.

புது ரிசீவர் வாங்குவதே சரி என்று நான் சொல்லும் வீடுகளும் உண்டு. சாதாரணச் சத்தத்திலேயே பெட்டி சூடாகித் தானாக அணைந்தாலோ, ஒரு சேனல் செத்துவிட்டாலோ தாமதிக்க வேண்டாம். 85 டெசிபலுக்குக் கீழே சென்சிட்டிவிட்டியும் 4 ஓம் தடையும் உள்ள ஸ்பீக்கரைப் பெரிய ஹாலில் வைத்திருப்பவருக்கு வாட் உண்மையிலேயே வேண்டும். வாடகை வீட்டில், சப்வூஃபரையோ திவானையோ ஓர் அடிகூட நகர்த்த முடியாதவருக்கு அறைத் திருத்தம் பெரிய துணை; அவர் வாட்டைப் பார்க்காமல், எந்தத் தரத்துத் திருத்தம் தருகிறார்கள் என்று பார்த்து வாங்கட்டும். தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் டால்பியின் அட்மாஸ் வேண்டுமென்றாலும் பழைய ரிசீவர் உதவாது. ஓடிடி தளங்களின் அட்மாஸ் ஆப்டிகல் ஒயரில் வராது, டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக வரும். அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி தேவைப்படுவது புளூ-ரே தட்டின் இழப்பில்லாத ஒலிக்குத்தான். கூரையில் ஒலியை மோதவிடும் அட்மாஸ் ஸ்பீக்கர் தட்டையான கான்கிரீட் கூரைக்கு ஏற்றது. சரிந்த ஓட்டுக் கூரை வீட்டில் அதற்குச் செலவழிக்காதீர்கள்.

மீதியில் 3,500 ரூபாய் ஸ்டெபிலைசருக்கும் சர்ஜ் புரொடெக்டருக்கும் போனது. இன்னும் கையில் இருப்பதை எர்த் குழிக்கு வைத்திருக்கிறார் அத்தான். கேபிள் டிவி ஒயரைச் சொருகினால் சப்வூஃபரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வருகிறது. கேபிளின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் ஒத்துப்போகாததால் வருவது. எலக்ட்ரீஷியன் ஆவணிக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி இடி தொடங்கும் முன் அந்த வேலை முடிந்தாக வேண்டும். அதுவரை வானம் இருண்டால் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.